‘மொரீஷியன்’ என்னும் மக்கட்பெயர்: சொல் வரலாறும் தமிழாய்வு வழக்கும்

முன்னுரை

ஒரு நாட்டு மக்களைக் குறிக்கும் பெயர் அகராதியில் ஒரே ஒரு பொருளுடன் நிற்கும். வரலாற்றில் அது அவ்வாறு நிற்பதில்லை. அப்பெயரைத் தமக்குரியது என யார் கூறினர், யாருக்கு அது மறுக்கப்பட்டது, எந்த ஏட்டில் எப்பொழுது அது ஏறியது என்னும் வினாக்களுக்கு விடை காணும்போதே அதன் முழுப்பொருள் விளங்கும். மொரீசியசு நாட்டு மக்களைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘மொரீஷியன்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். இன்று பாடநூல்களிலும் சட்டங்களிலும் செய்தித்தாள்களிலும் இயல்பாக வழங்கும் இச்சொல், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அத்தீவில் பிறந்தோர் பலருக்கு வழங்கப்படாத பெயராக இருந்தது. அவர்களுள் தமிழ் வழிவந்தோரும் அடங்குவர்.

அச்சொல்லின் வரலாற்றை மொரீசியசின் குடியேற்ற, அரசியல் வரலாற்றோடு பொருத்திக் காண்பதும், ‘மொரீசியசு வாழ் தமிழர்’, ‘மொரீசியத் தமிழர்’, ‘புலம்பெயர்ந்தோர்’ என்றெல்லாம் தமிழாய்வாளர் எழுதும் வழக்கு அவ்வரலாற்றுக்குப் பொருந்துகிறதா என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மக்கட்பெயர் வகைகள்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் பெயரியல், மக்களைக் குறிக்கும் பெயர்களை நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர், வினைப்பெயர், உடைப்பெயர் எனப் பலவாறு பகுத்துரைக்கிறது. அருவாளன், சோழியன் என்பன நிலப்பெயர். மலையமான், சேரமான் என்பன குடிப்பெயர். தச்சன், கொல்லன் என்பன வினைப்பெயர் என உரையாளர் எடுத்துக்காட்டுவர். ஒருவரே நிலத்தால் ஒரு பெயரும் குடியால் ஒரு பெயரும் வினையால் ஒரு பெயரும் பெறலாம். எந்தப் பெயரால் அவர் பொதுவாக அழைக்கப்படுகிறார் என்பது அழைப்பவரின் நோக்கத்தைப் பொறுத்தது.

மொரீசியசில் இந்திய வழிவந்தோர் பெற்ற பெயர்களை இப்பகுப்பின்வழி நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அவர்கள் முதலில் விட்டுவந்த நிலத்தாலும், பின்னர் செய்த வினையாலும், அதன்பின் சமயக் குழுவாலும் பெயர் பெற்றனர். தாம் பிறந்து வாழும் நிலத்தால் பெயர் பெற்றது மிகப் பிற்பட்ட காலத்திலேயாகும்.

தீவின் பெயர்கள்

இத்தீவு பல பெயர்களைப் பெற்றது. அரபு மாலுமிகள் இதனை அறிந்திருந்தனர். போர்ச்சுக்கீசியர் காலத்து வரைபடங்களில் ‘சிர்னே’ என்னும் பெயர் காணப்படுகிறது. 1598இல் இங்கு வந்திறங்கிய டச்சுக்காரர் தம் இளவரசர் மவுரிட்சின் பெயரால் இதனை வழங்கினர். 1638 முதல் இடையீட்டோடு குடியிருந்த அவர்கள் 1710இல் தீவைக் கைவிட்டனர். 1715இல் பிரெஞ்சுக்காரர் இதனைத் தமதாக்கிக்கொண்டு ‘இல் தெ பிரான்சு’ எனப் பெயரிட்டனர். புதுச்சேரியின் ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பில் இப்பகுதித் தீவு ‘மஸ்கரை’ என இடம்பெறுகிறது. 1810இல் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1814ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் அதனை உறுதி செய்துகொண்டு, டச்சுக்காரர் இட்ட பெயரையே மீட்டளித்தனர்.

ஆகவே ‘மொரீசியசு’ என்னும் பெயர் பழையது. எனினும், அப்பெயரடியாகப் பிறந்த மக்கட்பெயர் ஆங்கிலேயர் ஆட்சிக்குப் பின்னரே நிலைபெற்றது. தீவுக்குத் தொல்குடிகள் இல்லை. இங்கு வாழ்வோர் அனைவரும் கடல் கடந்து வந்தோரின் வழியினரே. ஐரோப்பியர் தம் விருப்பத்தால் வந்தனர், மடகாசுக்கர், கிழக்கு ஆப்பிரிக்கா முதலிய இடங்களிலிருந்து மக்கள் அடிமைகளாகக் கொணரப்பட்டனர், இந்தியர் கைவினைஞராகவும் அடிமைகளாகவும் ஒப்பந்தத் தொழிலாளராகவும் வணிகராகவும் வந்தனர், சீனரும் வந்தனர். எல்லோரும் வந்தோராக இருக்கும் ஒரு நாட்டில் சிலர் மட்டும் ‘வந்தேறிகள்’ எனப் பெயர் பெற்றது எவ்வாறு என்பதே இவ்வரலாற்றின் மையமான வினா.

மலபார், லஸ்கார், மதராசு

1735 முதல் 1746 வரை தீவின் ஆளுநராக இருந்த மாயே தெ லபூர்தொனே, போர்ட் லூயி நகரைக் கட்டுவதற்குப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞரை வரவழைத்தார். தமிழர் இத்தீவில் வேரூன்றிய காலம் அதுவாகும். அவர்களைப் பிரெஞ்சுக்காரர் ‘மலபார்’ என்றனர். போர்ட் லூயியில் அவர்கள் குடியிருந்த பகுதி ‘மலபார் முகாம்’ எனப் பெயர் பெற்றது. கப்பல் தொழில் சார்ந்த இந்திய முசுலிம்கள் ‘லஸ்கார்’ எனப்பட்டனர்.

இங்கு ‘மலபார்’ என்பதற்கு இன்றைய கேரளக் கடற்கரை என்று பொருள் கொள்ளல் ஆகாது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்த ஐரோப்பியர் தமிழ் மொழியையும் தமிழரையும் அப்பெயரால் வழங்கினர். அவ்வழக்கே தீவுக்குச் சென்றது. ஆவணங்களில் ‘மலபார்’ எனக் கண்டதும் ‘மலையாளி’ என மொழிபெயர்ப்பது பிழை. அதே வேளையில், அதனை எவ்விடத்தும் ‘தமிழர்’ என மொழிபெயர்ப்பதும் பிழையாகும். ஏனெனில், காலப்போக்கில் அச்சொல் தீவில் இந்தியர் பலருக்கும், குறிப்பாக இந்துக்களுக்கும், பொதுப்பெயராக விரிந்தது. மொரீசியசின் கிரியோல் பேச்சில் அது இழிவுக்குறிப்பும் பெற்றது. அண்டைத் தீவாகிய ரெயூனியனில் அதே சொல் தமிழ் வழிவந்தோரைப் பெரும்பாலும் குறிக்கும் பெயராக நின்றுவிட்டது. ஒரே சொல் இரு தீவுகளில் இருவேறு பொருள் பெற்றமை, மக்கட்பெயரை அதன் இடமும் காலமும் அறியாது பெயர்த்தெழுதுதல் கூடாது என்பதை உணர்த்தும்.

1835 பிப்ரவரி முதல் நாள் தீவில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றோர் ‘பயிற்சித் தொழிலாளர்’ என்னும் பெயரால் 1839 வரை பழைய தோட்டங்களிலேயே கட்டுண்டிருந்தனர். அவர்களுக்கு மாற்றாகக் கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் கொணரப்பட்டனர். 1834 நவம்பர் 2ஆம் நாள் ‘அட்லசு’ என்னும் கப்பலில் 36 தொழிலாளர் வந்திறங்கினர். அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர் அவ்வாறு வந்தனர். கல்கத்தாத் துறைமுகம் வழியாக வந்தோரே மிகுதி. சென்னைத் துறைமுகம் வழியாக வந்தோர் அடுத்த பெரும் தொகுதியினர். பம்பாய் வழியாகவும் சிலர் வந்தனர். அவர்கள் இறங்கிய குடியேற்றக் கூடமாகிய ஆப்ரவாசி கட் 2006இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

சென்னை வழியாக வந்தோர் அனைவரும் பேச்சுவழக்கில் ‘மதராசு’ எனப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர், தெலுங்கரும் இருந்தனர். எனவே குடியேற்றப் பதிவேட்டில் ‘மதராசு’ என்னும் துறைமுகக் குறிப்பைக் கொண்டு ஒருவரைத் தமிழர் எனத் துணிதல் இயலாது. பெயர், ஊர், மாவட்டம் ஆகியவற்றையும் ஒப்புநோக்க வேண்டும்.

எண்ணால் அறியப்பட்டோர்

குடியேற்றக் கூடத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. அந்த எண்ணே அவருடைய அரசாங்க அடையாளம். ஒப்பந்தக் காலம் முடித்துத் தீவிலேயே தங்கியவர் ‘பழைய குடியேறி’ எனப்பட்டார். 1867ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், அவர் நிழற்படத்துடன் கூடிய அனுமதிச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என விதித்தது. சீட்டு இல்லாதவர் திரிபவராகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். இந்நிலையை எதிர்த்து, அடோல்ப் தெ பிளெவிட்சு என்பவர் துணையுடன் 1871இல் 9,401 பழைய குடியேறிகள் ஆளுநருக்கு விண்ணப்பம் அளித்தனர். அதன் பயனாக அரச விசாரணைக் குழு அமைந்து, 1875இல் அறிக்கை வெளிவந்தது.

‘பழைய குடியேறி’ என்னும் தொடர் ஆராயத்தக்கது. ‘பழைய’ என்னும் அடை எத்தனை ஆண்டு கூடினாலும், ‘குடியேறி’ என்னும் பெயர் மாறவில்லை. இருபது ஆண்டுகள் தீவில் உழைத்தவரும் அத்தீவின் பெயரால் அழைக்கப்படவில்லை. அவருடைய உழைப்பால் விளைந்த சர்க்கரை உலகச் சந்தையில் மொரீசியசின் பெயரோடு விலைபோயிற்று. உழைத்தவருக்கு அப்பெயர் இல்லை.

கணக்கெடுப்பு ஏடுகள்

1846ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மக்களைப் ‘பொது மக்கள்’, ‘முன்னாள் பயிற்சித் தொழிலாளர்’, ‘இந்தியர்’ என மூவகையாகப் பகுத்தது. அப்போது இந்தியர் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கினர் எனலாம். 1861இல் முன்னாள் அடிமைகள் பொது மக்களோடு சேர்க்கப்பட்டனர். இந்தியர் தனியே நின்றனர். அதற்குள் அவர்கள் மூன்றில் இரு பங்கினராகப் பெருகியிருந்தனர். மூன்றில் இரு பங்கினர் ‘பொது’வில் சேராமல், மூன்றில் ஒரு பங்கினர் ‘பொது’ எனப் பெயர் பெற்ற விந்தை இதுவாகும்.

தீவிலேயே பிறந்த இந்தியர் தலைமுறை பெருகப் பெருக, அவர்களை இந்தியாவில் பிறந்தோரிடமிருந்து வேறுபடுத்த ‘இந்தோ-மொரீஷியன்’ என்னும் கூட்டுச்சொல் வழங்கலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அது ‘இந்தியர்’ என்னும் வகைப்பெயரின் இடத்தைப் பெற்றது. ‘பிராங்கோ-மொரீஷியன்’, ‘சைனோ-மொரீஷியன்’ என்பனவும் இவ்வமைப்பின. இக்கூட்டுச்சொற்களில் வருமொழியாக நிற்பது ‘மொரீஷியன்’. நிலைமொழியே வழிமரபைக் காட்டுகிறது. மொரீசியசில் இருக்கும் இந்தியர் என்னும் பொருள் மாறி, இந்திய வழிவந்த மொரீசியர் என்னும் பொருள் பிறந்தது. சொல்லின் கட்டமைப்பில் நேர்ந்த இம்மாற்றம் அரசியல் மாற்றமும் ஆகும்.

தமிழ் எழுத்தும் வாக்குரிமையும்

இம்மாற்றத்தில் தமிழுக்கு ஒரு பங்குண்டு. அது தமிழாய்வாளரின் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை. சொத்துடையோருக்கே வாக்குரிமை என்றிருந்த நிலையை 1947ஆம் ஆண்டின் அரசமைப்பு மாற்றியது. தீவில் வழங்கும் மொழிகளுள் ஒன்றில் எளிய தொடர்களைப் படிக்கவும் எழுதவும் தெரிந்த வயதுவந்தோர் வாக்களிக்கலாம் என்றாயிற்று. அம்மொழிகளுள் தமிழும் ஒன்றாக ஏற்கப்பட்டது. வாக்காளர் தொகை ஏறத்தாழ 12,000 என்பதிலிருந்து 70,000க்கு மேல் உயர்ந்தது. 1948இல் நடந்த தேர்தல் தீவின் அரசியலையே திருப்பியது. அனைவருக்கும் வாக்குரிமை 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது.

ஆங்கிலமும் பிரெஞ்சும் அறியாத ஒரு தோட்டத் தொழிலாளி, தமிழில் தம் பெயரையும் சில தொடர்களையும் எழுதத் தெரிந்தமையால் அந்நாட்டின் வாக்காளர் ஆகலாம் என்னும் நிலை 1948இல் உண்டாயிற்று. இங்குத் தமிழ் அயன்மைக்கு அடையாளமாக நிற்கவில்லை. மொரீசியராகும் உரிமைக்கு வாயிலாக நின்றது. தமிழ் கற்றலை அயலகத்தில் தாய்நாட்டு நினைவைப் பேணும் முயற்சியாக மட்டும் காணும் ஆய்வுகள் இச்செய்தியைக் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

பெயருக்கு உரிமை கோரியோர்

பிரெஞ்சு மொழியில் ‘மொரிசியேன்’ என வழங்கும் இப்பெயரைத் தொடக்கத்தில் தமதாக்கிக்கொண்டோர் பிரெஞ்சு மொழிப் பண்பாட்டில் திளைத்தவரே. 1908 முதல் வெளிவரும் ‘லே மொரிசியேன்’ நாளிதழ் அப்பெயரையே தாங்கியது. எனினும் முதல் உலகப் போரை ஒட்டி, தீவைப் பிரான்சிடம் திருப்பியளிக்க வேண்டும் என்னும் இயக்கம் அவ்வட்டாரத்திலேயே எழுந்தது. 1921ஆம் ஆண்டுத் தேர்தலில் அது தோற்றது.

1955இல் ஜூல் கெனிக் தலைமையில் உருவான கட்சி ‘பார்த்தி மொரிசியேன்’, அதாவது மொரீசியர் கட்சி, எனப் பெயர் சூடியது. பின்னர்ச் சமூக சனநாயகம் என்னும் அடையையும் சேர்த்துக்கொண்ட அக்கட்சி, கேத்தான் துவால் தலைமையில் 1967 ஆகத்து 7ஆம் நாள் நடந்த தேர்தலில் விடுதலையை எதிர்த்து நின்றது. சிவசாகர் ராம்குலாம் தலைமையில் விடுதலையை வேண்டிய கூட்டணி 39 இடங்களையும், மொரீசியர் என்னும் பெயர் தாங்கிய கட்சி 23 இடங்களையும் பெற்றன. வாக்களித்தோருள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் அக்கட்சியை ஆதரித்தனர். பெயரில் ‘மொரீசியர்’ என்றிருந்தோர் தனிநாட்டை அஞ்சினர். ‘இந்தியர்’ என அதுவரை ஒதுக்கப்பட்டோருள் பெரும்பாலோர் தனிநாட்டை வேண்டினர். 1968 மார்ச்சு 12ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது.

அடுத்த ஆண்டே, 1969இல், ‘மொரீசியப் போர்க்குண இயக்கம்’ அதே சொல்லைத் தன் பெயரில் ஏற்றது. இம்முறை இன வேறுபாடு கடந்த உழைக்கும் மக்கள் அனைவரையும் அச்சொல் சுட்டியது. ‘ஒரே மக்கள், ஒரே நாடு’ என்னும் முழக்கத்துடன் அவ்வியக்கம் இடம்பெற்ற கூட்டணி 1982ஆம் ஆண்டுத் தேர்தலில் மொரீசியசுத் தீவின் 60 இடங்களையும் வென்றது. ஒரு சொல் கால் நூற்றாண்டுக்குள் ஒரு வகுப்பாரின் பெயராகவும் அனைவரின் பெயராகவும் கட்சிக்கொடியில் எழுதப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

அரசமைப்பு அட்டவணை

1968ஆம் ஆண்டு அரசமைப்பின் முதல் அட்டவணை நாட்டு மக்களை நான்கு சமுதாயங்களாகக் கொள்கிறது. தேர்ந்தெடுக்கப்படும் 62 உறுப்பினருக்கு மேல், வகுப்புச் சமநிலை கருதி எட்டு இடங்கள் வரை வழங்கும் ‘சிறந்த தோல்வியாளர்’ முறைக்கு இப்பகுப்பே அடிப்படை. இந்துச் சமுதாயம், முசுலிம் சமுதாயம், சைனோ-மொரீஷியன் சமுதாயம் என மூன்றைப் பெயரிட்ட அட்டவணை, வாழ்க்கை முறையால் இம்மூன்றனுள் எதிலும் அடங்காதவர் என்று தோன்றுவோரைப் பொது மக்கள் என நான்காவதாக வைக்கிறது.

இப்பகுப்பில் மூன்று செய்திகள் உள. முதலாவது, நான்கு பெயர்களுள் ஒன்றில் மட்டுமே ‘மொரீஷியன்’ என்னும் சொல் இடம்பெறுகிறது. அதுவும் தொகையில் மிகச் சிறிய சீன வழியினருக்கு. இரண்டாவது, நான்காம் பிரிவு எதிர்மறையால் வரையறுக்கப்படுகிறது. அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களும் அடிமைகளை உடைமையாகக் கொண்டோரின் வழிவந்தோரும் அப்பிரிவில் ஒருங்கே அடங்குகின்றனர். 1846ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் சொல் ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் எஞ்சி நிற்கிறது. மூன்றாவது, தமிழ் என்னும் பெயர் அட்டவணையில் இல்லை. சைவ, வைணவ வழிபாட்டினராகிய தமிழ் வழியினர் இந்துச் சமுதாயத்துள் அடங்குவர். கிறித்தவராகிய தமிழ் வழியினர் ‘வாழ்க்கை முறை’யால் பொது மக்களுள் அடங்குவர். ஒரே முன்னோரின் வழியினர் சட்டத்தால் இருவேறு சமுதாயத்தினராகின்றனர்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமுதாயம் பற்றிய வினா 1972க்குப் பின் கேட்கப்படவில்லை. ஆயினும் இடங்களை வழங்குவதற்கு 1972ஆம் ஆண்டுக் கணக்கே தொடர்ந்து அடிப்படையாயிற்று. தேர்தலில் நிற்போர் தம் சமுதாயத்தை அறிவித்தாக வேண்டும் என்னும் விதியை எதிர்த்து, தாம் மொரீசியர் என்பதன்றி வேறு சமுதாயம் தமக்கில்லை என்னும் நிலையினர் நீதிமன்றங்களை அணுகினர். அவ்வழக்கு ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு வரை சென்றது. 1972ஆம் ஆண்டுக்குப் பின் கணக்கைப் புதுப்பிக்காமல் அறிவிப்பைக் கட்டாயமாக்குதல் உரிமை மீறல் என 2012இல் அக்குழு கருத்துரைத்தது. 2014ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு மட்டும் அறிவிப்பு கட்டாயமன்று என அரசமைப்பு திருத்தப்பட்டது. ‘மொரீசியர்’ என்பதையே தம் முழுப்பெயராகக் கொள்ள விரும்பியோர் அதற்காக வழக்காட நேர்ந்தது என்பது இதனால் அறியத்தக்கது.

ஆங்கிலத் தொடரில் சொல்லின் இடம்

மொரீசியசின் நாடாளுமன்ற ஆட்சிமொழி ஆங்கிலம்; செய்தித்தாள்களில் பிரெஞ்சு மிகுதி; வீட்டிலும் தெருவிலும் கிரியோல். எனவே ‘மொரீஷியன்’ என்னும் ஆங்கில வடிவம் சட்டத்திலும் பாடநூலிலும் எழுத்தாக வாழ்வது; பேச்சில் வாழ்வது ‘மொரிசியேன்’. கிரியோலில் இச்சொல் மக்களையும் அவர்கள் மொழியையும் ஒருங்கே குறிக்கும்.

ஆங்கிலத் தொடரில் இச்சொல் பெயராகவும் பெயரடையாகவும் வடிவு மாறாமல் நிற்கும். பிரெஞ்சு எழுத்து மரபில் மக்களைக் குறிக்கும் பெயர் பேரெழுத்தாலும் பெயரடை சிற்றெழுத்தாலும் தொடங்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பேரெழுத்தே. ஆகவே ‘மொரீஷியன் தமில்ஸ்’ என்றால் தலைமைச்சொல் தமிழர். ‘தமில் மொரீஷியன்ஸ்’ என்றால் தலைமைச்சொல் மொரீசியர். இட வரிசை ஒன்றே பொருளைப் புலப்படுத்துகிறது. ‘ஷி இஸ் மொரீஷியன்’ என்னுமிடத்தில் அச்சொல் பெயரா, அடையா என்னும் ஐயம் ஆங்கிலத்துக்கு இடர் செய்வதில்லை.

தமிழில் அவ்வாறு நெகிழவிட இயலாது. ‘மொரீசிய’ என்பது அடை. ‘மொரீசியர்’ என்பது பெயர். எழுதுபவர் ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். ஆங்கில மூலத்தில் ‘மொரீஷியன்’ எனப் பெயராக நிற்கும் இடங்களிலும் நம் கட்டுரைகள் ‘மொரீசியசைச் சேர்ந்தவர்’, ‘மொரீசியசு வாழ் தமிழர்’, ‘மொரீசியசில் குடியேறிய தமிழர்’ எனப் பெயர்ப்பதைப் பரவலாகக் காணலாம். ‘வாழ்’ என்னும் வினைத்தொகை முக்காலத்துக்கும் பொதுவாயினும், இவ்வழக்கில் உறைவிடத்தையே குறிக்கிறது, உரிமையைக் குறிப்பதில்லை. தில்லி வாழ் தமிழர் என்னும்போது அவர் வேறோர் ஊரினர், இப்போது தில்லியில் உறைகின்றார் என்பதே கருத்து. 1992இல் மொரீசியசு குடியரசானபோது முதற் குடியரசுத் தலைவராக விளங்கிய, தமிழ் வழிவந்த சர் வீராசாமி ரிங்காடுவை ‘மொரீசியசு வாழ் தமிழர்’ எனக் குறிப்பது எத்துணைப் பொருந்தாமை என்பது சொல்லாமலே விளங்கும்.

‘புலம்பெயர்ந்தோர்’ என்பதும் அத்தகையதே. புலம்பெயர்தல் ஒரு வினை. அதனைச் செய்தவர் முன்னோர். ஆறு தலைமுறைக்குப் பின் பிறந்தவருக்கு அவ்வினைப்பெயரை ஏற்றுவது, ‘பழைய குடியேறி’ என்னும் அனுமதிச்சீட்டின் சொல்லை நாம் அறியாமலே தொடர்வதாகும். அன்பினால் நாம் இடும் பெயரும் ஆட்சியாளர் அச்சத்தால் இட்ட பெயரும் ஒரே பொருளில் வந்து முடிவது கவலைக்குரியது.

தமிழ் வழியினர் தம் உரிமையை எவ்வாறு கருதினர் என்பதற்கு நாணயத்தாள் நிகழ்ச்சி சான்றாகும். மொரீசிய நாணயத்தாள்களில் மதிப்பு ஆங்கிலம், தமிழ், இந்தி என்னும் வரிசையில் எழுதப்பட்டு வந்தது. 1998இல் வெளியிடப்பட்ட புதிய தாள்களில் தமிழுக்கு மேல் இந்தி வைக்கப்பட்டது. தமிழ் வழியினர் கடுமையாக எதிர்த்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் பழைய வரிசையுடன் புதிய தாள்கள் வெளிவந்தன. தமிழர் தீவுக்கு முன்னரே வந்தவர் என்பது அவர்கள் வாதத்தின் அடிப்படை. இது தாய்நாட்டை நோக்கி எழுந்த குரலன்று. தம் நாட்டின் பணத்தாளில் தமக்குரிய இடத்தைக் கேட்ட மொரீசியரின் குரல்.

சொல்லின் எல்லைகள்

‘மொரீசியர்’ என்பதை எல்லோர்க்கும் உரிய பெயர் எனக் கொள்ளும்போது ஒரு தடையும் எழும். பொதுப்பெயர் வேற்றுமைகளை மறைக்கவும் கூடும். 1965 நவம்பர் 8ஆம் நாள் சாகோசுத் தீவுக்கூட்டத்தை மொரீசியசிலிருந்து பிரித்த பிரிட்டன், 1973க்குள் அங்கிருந்த மக்கள் அனைவரையும் வெளியேற்றியது. மொரீசியசுக்கும் சீசெல்சுக்கும் கொணரப்பட்ட அவர்கள் ‘இலுவா’, அதாவது தீவார், எனத் தாழ்வாக அழைக்கப்பட்டனர். சாகோசில் பிறந்தோரை மொரீசியசில் பிறந்தோராகவே அரசமைப்பு பெரும்பாலும் கருதியது. சட்டத்தால் அவர்கள் மொரீசியர். போர்ட் லூயியின் சேரிகளில் அவர்கள் அயலார். பின்னர் அவர்கள் ‘சாகோசியர்’ என்னும் நிலப்பெயரைத் தமக்கெனத் தெரிந்துகொண்டனர். 2019இல் பன்னாட்டு நீதிமன்றம் சாகோசைப் பிரித்தது முறையன்று எனக் கருத்துரைத்தது. நாட்டுரிமையும் மக்கட்பெயரும் ஒன்றல்ல என்பதற்கு அவர்கள் வரலாறு சான்று. 1967இல் விடுதலையை எதிர்த்து வாக்களித்து, 2002இல் தன்னாட்சி பெற்ற ரோத்ரிகசுத் தீவின் மக்களும் தம்மை ரோத்ரிகர் என முதலில் கூறிக்கொள்வர்.

1999 பிப்ரவரியில் காயா என்னும் கிரியோல் இசைஞர் காவல்துறைக் காவலில் இறந்தபோது எழுந்த கலகங்கள், ‘ஒரே மக்கள்’ என்னும் சொல் அனைவருக்கும் சமநிலையை அளித்துவிடவில்லை என்பதைக் காட்டின. ஆதலால் ஒரு பெயரை வழங்கும்போது, அதனை உரியவர் ஏற்கின்றாரா என்னும் வினாவும் உடன் எழ வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. மொரீசியசில் இந்திய வழியினர் ‘மலபார்’, ‘மதராசு’, ‘பழைய குடியேறி’, ‘இந்தியர்’, ‘இந்தோ-மொரீஷியன்’ என்னும் பல படிநிலைகளைக் கடந்தே ‘மொரீசியர்’ என்னும் நிலப்பெயரை அடைந்தனர்.

2. ஆவணங்களில் காணும் ‘மலபார்’ என்பதை மலையாளி எனவோ, ‘மதராசு’ என்பதைத் தமிழர் எனவோ ஆராயாது பெயர்த்தல் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கைவினைஞரை ‘மொரீசியர்’ என்பதும் காலமுரணே.

3. 1968க்குப் பிற்பட்ட குடிமக்களைக் குறிக்கும்போது, ஆங்கிலத்தில் பெயராக நிற்கும் ‘மொரீஷியன்’ என்பதைத் தமிழிலும் ‘மொரீசியர்’ எனப் பெயராகவே எழுதுதல் வேண்டும். வழிமரபு பேசப்படும் இடத்தில் ‘தமிழ் வழி மொரீசியர்’ என்னும் தொடர் பொருந்தும். மொழி, வழிபாடு, இலக்கியம் ஆகியவற்றில் தமிழ் உலகோடு அவர்கள் கொண்ட உறவே பொருளாகும் இடத்தில் ‘மொரீசியத் தமிழர்’ என்பது பொருந்தும்.

4. ‘புலம்பெயர்ந்தோர்’ என்னும் வினைப்பெயர் வந்திறங்கிய தலைமுறைக்கே உரியது.

பட்டினப்பாலை, பல நாடுகளிலிருந்து வந்து பல மொழி பேசுவோர் காவிரிப்பூம்பட்டினத்தில் ஒருங்கே இனிது உறைந்தமையைப் பாடுகிறது. அவர்களின் வழித்தோன்றல்கள் பின்னர் எப்பெயரால் அழைக்கப்பட்டனர் என்பதை அந்நூல் பாட வேண்டிய தேவை எழவில்லை. நம் காலத்தில் தமிழ் வழியினர் பல நாடுகளின் குடிமக்களாக வாழ்கின்றனர். அவர்களைத் தமிழர் என்று உரிமையோடு அழைக்கும் நாம், அவர்கள் முன்னோர் எண்ணாக நின்று உழைத்தும் விண்ணப்பம் எழுதியும் வாக்களித்தும் பெற்ற நாட்டுப் பெயரையும் அவர்களுக்கு உரியதாக எழுதுதல் தமிழாய்வின் கடமையாகும்.